திரைக்குப் பின்னால் ஓர் அறை வேண்டும்

கொல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், வியன்னாவிலிருந்த பிராய்டைக் கடைசிவரை சந்தித்ததில்லை, கடிதத் தொடர்புதான். நோயாளிகளையோ நேரில் பார்த்தே சிகிச்சை அளித்தார். 2020 பொது முடக்கம் அந்நகரின் உளச் சிகிச்சையாளர்களையும் காணொலிக்குத் தள்ளியது. இன்று நேரிலும் திரையிலுமாகச் சிகிச்சை தொடர்கிறது.

பயணச் செலவு மிச்சம்தான். ஆனால், அடுத்த அறையில் மாமியார் இருக்க, மருமகள் எதைச் சொல்வாள்? நடுங்கும் கால்களும் திரையில் தெரிவதில்லை.

2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' தொலைபேசி சேவையை (14416) தொடங்கிய மத்திய அரசு, வந்த அழைப்புகளைச் சாதனையாகக் கூறுகிறது. அழைத்தவரை நேரில் பார்க்க மாவட்ட மருத்துவமனைகளில் எத்தனை உளவியலாளர்கள் உள்ளனர் என்பதையும் நாடாளுமன்றத்தில் அது தெரிவிக்கட்டும்.