போரும் அஞ்சல்தலையும்: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த நாளிலிருந்து எங்கள் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் மன்றத்தில் அரசியல் வாக்குவாதம் அடிக்கடி சூடேறுகிறது. 2023 அக்டோபருக்குப் பின் காசா வந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலும் அதைத் தொடர்ந்த இந்திய–பாகிஸ்தான் மோதலும் வந்தன. ஒவ்வொரு முறையும் பேச்சு ஏதோ ஓர் அஞ்சல்தலையில்தான் தொடங்குகிறது. எதிரில் இருப்பவரிடம் தேசபக்திச் சான்றிதழ் கேட்பதில் போய் முடிகிறது. சிலர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், சிலர் விலகிவிட்டார்கள்.

"அரசியலே வேண்டாம், தடை போடுங்கள்" என்று ஒரு சாராரும், "நியாயத்தின் பக்கம் மன்றம் வெளிப்படையாக நிற்க வேண்டும்" என்று இன்னொரு சாராரும் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டபின் செயற்குழு ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு இது.

நிலைப்பாட்டின் சுருக்கம்

1. போரைப் பற்றிப் பேச மன்றத்தில் தடை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு ஓர் அஞ்சல்தலை, உறை, முத்திரை அல்லது அஞ்சல் வழியை ஒட்டியதாக இருக்க வேண்டும்.

2. தன் நாட்டு அரசு செய்ததற்கோ, தன் இனத்தவர், மதத்தவர் செய்ததற்கோ இங்கே எந்த உறுப்பினரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

3. ஓர் அஞ்சல்தலையை வைத்திருப்பது, அதை வெளியிட்ட அரசின் வாதத்தை வழிமொழிவதாகாது.

4. மன்றம் எந்தப் போரிலும் தன் பெயரால் கட்சி சேராது. நடந்ததை நடந்தபடி சொல்வதைக் கட்சி சேர்வதாகவும் கருதாது.

5. உறுப்பினர்கள் வாழும் நாடுகளின் அஞ்சல், இறக்குமதிச் சட்டங்களை மன்றத்தின் பரிமாற்றங்கள் மீறா.

முழுத் தடை ஏன் கூடாது

பறவைக்கும் பூவுக்கும் மட்டும் அஞ்சல்தலை வந்திருந்தால் அரசியலை வாசலிலேயே நிறுத்திவிடலாம். ஆனால் ஓர் அரசு தன் உரிமைக் கோரிக்கையை அச்சடித்து உலகத்தின் எல்லா வீடுகளுக்கும் அனுப்ப மிக மலிவான வழி அஞ்சல்தலைதான்.

பொலிவியா 1928இல் சாக்கோ நிலப்பரப்பைத் தன்னுடையதாகக் காட்டும் வரைபட அஞ்சல்தலையை வெளியிட்டது. பராகுவேயும் தன் பங்குக்கு வரைபடம் போட்டது. சாக்கோ நேற்றும் இன்றும் நாளையும் தனதே என்று 1932இல் அஞ்சல்தலையிலேயே எழுதியது. அந்த ஆண்டே போர் மூண்டு 1935 வரை நடந்தது. அஞ்சல்தலையால்தான் போர் வந்தது என்று சேகரிப்பாளர்கள் சுவைபடச் சொல்வதுண்டு, அது மிகை. நிலத்தகராறு பழையது, எண்ணெய் கிடைக்கும் என்ற ஆசை அதைக் கிளறிவிட்டது. அந்தத் தகராறு எப்படி வீடுவீடாகக் கொண்டுசெல்லப்பட்டது என்பதற்கு அஞ்சல்தலை சாட்சி. 1937இல் நிகரகுவா தன் வான்வழி அஞ்சல்தலையில் ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய பகுதியைத் தகராறுக்குரிய நிலம் என்று குறித்தபோது, ஹோண்டுராஸில் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. காஷ்மீரைப் பற்றி 20 அஞ்சல்தலைகள் கொண்ட தாள் ஒன்றை 2018 ஜூலையில் பாகிஸ்தான் வெளியிட்டது. செப்டம்பரில் நியூயார்க்கில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்திக்க இந்தியா ஒப்புக்கொண்டது. மறுநாளே ரத்து செய்தது. பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டதோடு அந்த அஞ்சல்தலைகளையும் அது காரணமாகக் காட்டியது. 1971இலோ வங்கதேசம் விடுதலை பெறும் முன்பே, ஜூலை 29 அன்று, அதன் தற்காலிக அரசு எட்டு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து இந்தியாவில் கடிதம் போட்டவர்கள் அங்கிருந்து வந்த அகதிகளின் நிவாரணத்துக்காக 5 பைசா கூடுதலாக ஒட்டினார்கள்.

இவற்றையெல்லாம் பேசக்கூடாது என்றால் எங்கள் கைகளில் மிஞ்சுவது பல் வரிசை அளவும் நீர்க்குறியும் மட்டுமே. முழுத் தடைக்கு இன்னொரு கேடும் உண்டு. எது அரசியல் என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் பெரும்பான்மையின் கண்ணால்தான் பார்ப்பார். தன் நாட்டு ராணுவ அஞ்சல்தலை அவருக்கு வரலாறாகவும், அடுத்த நாட்டு ராணுவ அஞ்சல்தலை அரசியலாகவும் தெரியும்.

எல்லை எங்கே விழுகிறது

உக்ரைன் அஞ்சல் துறை 2022 ஏப்ரல் 12 அன்று வெளியிட்ட அஞ்சல்தலையில், கரையில் நிற்கும் வீரன் ரஷ்யப் போர்க்கப்பலுக்கு நடுவிரலைக் காட்டுகிறான். பாம்புத் தீவின் உக்ரைன் காவலர்கள் அந்தக் கப்பலிடம் சொன்னதாகப் பரவிய வசைச்சொல்லை ஒட்டி, போரிஸ் ஹ்ரோ வரைந்த படம் அது. வெளியான இரண்டாம் நாள், ஏப்ரல் 14 அன்று, மாஸ்க்வா என்ற அந்தக் கப்பல் கருங்கடலில் மூழ்கியது. கீவ் தலைமை அஞ்சலகத்தின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஏலச் சந்தையில் விலை ஏறியது.

இந்த அஞ்சல்தலையை முன்வைத்து எங்கள் கூட்டத்தில் என்னென்ன கேட்கலாம்? போரில் இருக்கும் அரசு வசையை அச்சடிக்கலாமா, வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா, விலை செயற்கையாக ஏற்றப்பட்டதா, படையெடுப்பை இந்தப் படம் நேர்மையாகச் சொல்கிறதா, இதைக் காட்சிக்கு வைத்தால் பக்கத்தில் எதை வைக்க வேண்டும்? எல்லாமே கேட்கத்தக்கவை, காரசாரமாகவே கேட்கலாம். "நீ ஏன் இதை வாங்கினாய், யாரிடம் காசு வாங்குகிறாய்?" என்று கேட்கும்போது பேச்சு அஞ்சல்தலையை விட்டு ஆளிடம் போய்விடுகிறது. எங்கள் விதி நிற்பது அந்த இடத்தில்தான்.

அதே கண்டிப்பு மறுபக்கத்துக்கும் பொருந்தும். சோவியத் கால அஞ்சல்தலைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்துவரும் உறுப்பினரை "படையெடுப்பு ஆதரவாளர்" என்று அழைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வைத்திருப்பது வழிமொழிவது அல்ல

சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் அஞ்சல்தலைகள் 1943இல் பெர்லினில் ஜெர்மானிய அரசு அச்சகத்தில் அச்சானவை. அவை அஞ்சலுக்குப் பயன்படும் நிலை வரவே இல்லை. ஆனாலும் இந்தியச் சேகரிப்பாளர்கள் பலரிடம் அவை மதிப்போடு இருக்கின்றன. போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள் என்பதால் எங்கள் உறுப்பினர் சிலருக்கு அது குடும்ப வரலாறும்கூட. அந்த அஞ்சல்தலைகளை வைத்திருப்பவரை ஹிட்லரின் ஆதரவாளர் என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியவற்றுக்குக் கொடுக்கும் இந்த இடத்தை மற்றவர்களின் அஞ்சல்தலைகளுக்கும் கொடுக்க வேண்டும். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது மலாயாவில் ஓவர்பிரின்ட் செய்யப்பட்டவற்றுக்கும், மெர்சின் 10 என்ற துருக்கி முகவரி வழியாக அஞ்சல் போகும் வடசைப்ரஸின் வெளியீடுகளுக்கும், 2015 முதல் டொனெட்ஸ்க்கில் வெளியானவற்றுக்கும் விதி ஒன்றே: சேகரிக்கலாம், ஆராயலாம், காட்சிக்கு வைக்கலாம்.

ஆனால் அவை என்ன என்பதை மறைக்கக் கூடாது. ஆக்கிரமிப்பு வெளியீடு என்றால் அப்படியே எழுத வேண்டும். உலக அஞ்சல் ஒன்றியம் ஏற்காத வெளியீடு என்றால் அதையும் எழுத வேண்டும். இடப்பெயரில் தகராறு இருந்தால், பொருளில் அச்சாகியிருக்கும் பெயரை முதலில் தந்துவிட்டு, கேட்டலாக் பெயரை அடுத்து எழுதுங்கள். 1982 ஏப்ரல் முதல் ஜூன் வரை அர்ஜென்டினாவின் பிடியில் இருந்த ஃபாக்லாந்தில் போட்ட முத்திரையில் "இஸ்லாஸ் மால்வினாஸ்" என்றுதான் இருக்கிறது. அதை மாற்றி எழுதினால் சேகரிப்பாளரின் வேலை கெட்டுவிடும். முத்திரையைப் படித்துச் சொன்னால் தீவு யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்ததாக ஆகாது.

நடுநிலை எதில், எதில் இல்லை

"மௌனமும் உடந்தைதானே" என்று சில உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். தனிமனிதருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. நீங்கள் ஊர்வலம் போகலாம், மனுவில் கையெழுத்திடலாம், நிவாரண நிதி கொடுக்கலாம். மன்றம் குறுக்கே நிற்காது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் வாழும் எங்கள் உறுப்பினர்களுக்கு அரசும் ஒன்றல்ல, போர் நினைவும் ஒன்றல்ல. அஞ்சல்தலைக்காகக் கூடியவர்களின் பெயரை, அவர்கள் கேட்காத ஒரு தீர்மானத்தின் அடியில் எழுதச் செயற்குழுவுக்கு அதிகாரம் இல்லை.

அதற்காக உண்மையையும் பொய்யையும் சம எடையில் நிறுத்தப்போவதும் இல்லை. 2022இல் நடந்தது படையெடுப்பு. அதே ஆண்டு மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அதைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரண்டுமே பதிவில் உள்ளவை, இரண்டையும் எழுதலாம். பாலஸ்தீனத்தைப் பற்றிய காட்சித் தொகுப்பு 1920இன் ஆங்கில, அரபு, எபிரேய ஓவர்பிரின்ட்டில் தொடங்கலாம், காசாவில் ஐ.நா. படையில் இருந்த இந்திய வீரர்களுக்காக 1965இல் நேரு அஞ்சல்தலைமீது அச்சிடப்பட்ட எழுத்துகளுக்கும் வரலாம். அங்கே இறந்தவர்களை இல்லையென்று சொல்வதையும், எந்தத் தரப்பின் சாவையும் கொண்டாடுவதையும் மன்றம் கருத்துரிமை என்று கொள்ளாது.

ஈழப்போர் பற்றித் தனியாக

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அறிக்கைக்கு அர்த்தமில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையின் களஅஞ்சல் முத்திரை விழுந்த உறைகள் எங்கள் உறுப்பினர்களிடம் உண்டு. அந்தப் படையில் பணியாற்றிய ஒருவருக்கு அந்த உறை வீட்டுக்கு எழுதிய கடிதம். அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வீட்டாரை இழந்தவருக்கு அந்த முத்திரையைப் பார்ப்பதே வலி. இருவரும் எங்கள் உறுப்பினர்களாக இருக்க முடியும், இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

ஆகவே இந்தப் போர் சார்ந்த உறைகளுக்கும் செஞ்சிலுவைச் சங்கச் செய்திப் படிவங்களுக்கும் எழுதும் குறிப்பில் தேதி, இடம், முத்திரை எண், அஞ்சல் சென்ற வழி ஆகியவை மட்டும் இருக்கட்டும், அடைமொழிகள் வேண்டாம். அனுபவத்தைச் சொல்ல விரும்புபவருக்குக் கூட்டத்தில் தனி நேரம் உண்டு. அதை மற்றவர்கள் கேட்பார்கள், அங்கேயே மறுத்து வாதிட மாட்டார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பு இந்தியாவில் 1992 முதல் தடைசெய்யப்பட்டது என்பதால், அதன் சின்னம் தாங்கிய தனிப்பயன் அஞ்சல்தலைகளை மன்றத்தின் ஏலத்திலோ பரிமாற்றத்திலோ ஏற்பதில்லை.

சட்டமும் பரிமாற்றமும்

2025 மே மாதத் தொடக்கத்தில் இந்தியா பாகிஸ்தானிலிருந்து பொருட்கள் நேரடியாகவோ வேறு நாட்டின் வழியாகவோ வருவதைத் தடுத்தது. அங்கிருந்து வரும் அஞ்சலையும் பார்சலையும் நிறுத்தியது. வளைகுடா உறுப்பினர்கள் வழியாகச் சுற்றி வரவழைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில்: மன்றத்தின் வழியாகக் கூடாது. ஏற்கெனவே இந்தியாவில் உள்ளவற்றை உள்ளூரில் பரிமாறிக்கொள்வதை மன்றம் தடுக்காது.

காஷ்மீரைத் தனி நிறத்தில் காட்டும் 1960ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் வரைபட அஞ்சல்தலை போன்றவற்றின் படத்தை எங்கள் இதழில் அச்சிட மாட்டோம். இந்திய எல்லையை மாற்றிக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. அந்த அஞ்சல்தலைகளைப் பற்றிக் கட்டுரை எழுதலாம்.

ஒரு நாட்டின் புதிய வெளியீடுகளை வாங்கி அதன் கருவூலத்துக்குக் காசு சேர்க்க விரும்பாதவர், பரிமாற்றச் சுற்றில் அந்த நாட்டை விலக்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவரையும் விலக்கச் சொல்லி நெருக்கக் கூடாது.

நடைமுறை

பேச்சு தடம் மாறினால் பொறுப்பாளர் முதலில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எந்த அஞ்சல்தலையைப் பற்றிப் பேசுகிறோம்?" பதில் இல்லையென்றால் அந்தப் பேச்சு அதோடு முடியும். தனிமனிதத் தாக்குதல் வந்தால் எழுத்துமூலம் எச்சரிக்கை, மீண்டும் வந்தால் 30 நாள் விலக்கு. முறையீட்டை மூவர் கேட்பார்கள். மூவரும் ஒரே நாட்டவராக இருக்க மாட்டார்கள். பொறுப்பாளரே வாக்குவாதத்தில் ஒரு தரப்பாக இருந்தால் அந்த விவகாரத்தில் அவர் முடிவெடுக்கக் கூடாது.

இந்த விதிகளால் மன்றத்தில் கோபம் இல்லாமல் போய்விடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. போர் நடக்கும்போது கோபம் வராதவர்கள் மட்டுமே உறுப்பினராக இருக்கலாம் என்றால் மன்றமே தேவையில்லை. எங்கள் எதிர்பார்ப்பு சிறியது: கோபத்தோடு வருபவர் கையில் ஓர் அஞ்சல்தலையோடு வரட்டும், அதைப் பற்றி நாங்கள் அறியாத ஒன்றைச் சொல்லட்டும்.

அடுத்த காட்சிக்கூட்டத்துக்கு "எல்லைத் தகராறும் அஞ்சல்தலையும்" என்ற தலைப்பை வேண்டுமென்றேதான் தேர்ந்திருக்கிறோம். விலகிச் சென்றவர்களுக்கும் அழைப்பு அனுப்பப்படும். இந்த நிலைப்பாடு ஓராண்டுக்குப் பின் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு வரும். திருத்தங்களை அதுவரை எழுத்துமூலம் அனுப்பலாம்.

— செயற்குழு