நகையும் நன்மொழியும்

பக்தியுடையார் நகைத்தல் தகாது என்று எண்ணுவார் நம்முள் சிலர் உளர். முகவாட்டமே பரிசுத்தத்தின் அடையாளம் என்பது அவர் கருத்துப்போலும். வேறு சிலரோ, இழிசொல் வாயில் வாராதவரையில் எவரை எவ்வாறு நகையாடினும் குற்றமில்லை என்பர். இவ்விரு சாராரும் வழி தவறினர் என்பதே நமது துணிபு.

முதற்கூற்றை ஆராய்வோம். பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதிய நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் ஆபாச வார்த்தையையும் அறிவற்ற பேச்சையும் பரிகாசத்தையும் விலக்குகின்றார். விலக்கிய இடத்தில் மௌனத்தை வைத்தாரோ எனின், இல்லை. நன்றி கூறுதலையே வைத்தார். நன்றி நிறைந்த நெஞ்சில் மகிழ்ச்சி பிறவாதிருக்குமோ? அவ்விடத்துப் பரிகாசத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே அரிஸ்டாட்டில் நயம்பட நகைக்கப் பேசும் நற்குணத்திற்கு வழங்கினார். ஆகவே, அப்போஸ்தலர் கடிந்தது நகைத்திறனையன்று, அது நெறி பிறழ்ந்த நிலையையே என்று கொள்ளுதல் தகும்.

நம் தமிழ்க் கிறிஸ்தவ முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். இத்தாலி தேசத்தினின்று வந்த வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணி பாடிய கையினாலேயே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆறு உறங்குகின்றதோ என்று கொள்ளிக்கட்டையைத் தோய்த்துப் பார்த்த சீடனை அறியாத தமிழரும் உளரோ? மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை நீதிநூல் இயற்றியவர். அவரே 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை விகடத்தால் நிரப்பினார். நீதியும் நகையும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

நிற்க. இரண்டாவது கூற்றே இந்நாளில் பெருந்தீங்கு விளைப்பது. நமது அம்பத்தூரை நோக்குமின். 1960-களில் இங்கெழுந்த தொழிற்பேட்டையை நாடிப் பல மாவட்டத்தாரும், பீகார், ஒடிசா முதலிய வடமாநிலத்தாரும் வந்து சேர்ந்துள்ளனர். ஒரே இயந்திரத்தருகில் உழைக்கின்றனர். ஒரே மின்சார ரயிலில் நெருங்கி நிற்கின்றனர். அங்கே ஒருவன் தமிழைத் திக்கித் திக்கிப் பேசினால் அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பார் உளர். நிறத்தையும் உடற்பருமனையும் கொண்டு பட்டப்பெயர் இடுவார் உளர். சாதியை மறைவாகத் தொட்டுக் கிண்டல் செய்வாரும் உளர். கைப்பேசிக் குழுக்களில் இவை இராப்பகலாய் உலாவுகின்றன. இவற்றில் ஆபாசச் சொல் இல்லாமையால், தவறாது ஆராதனைக்குச் செல்வோரும் உடன் நகைக்கக் கூசுவதில்லை.

நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில், சகோதரனை மூடன் என்று இகழ்வதைக் கொலைபாதகத்தை அடுத்து வைத்துப் பேசினார். அச்சொல்லில் ஆபாசம் யாது? இகழ்ச்சியே அதன் அழுக்கு. பரமார்த்த குருவின் சீடருள் ஒருவன் பெயரும் மூடனன்றோ எனின், அவன் கற்பனை மாந்தன். அவனிடத்தில் வாசிப்போன் தன் பேதைமையையே கண்டு நகைக்கின்றான். அக்கதை பிற சமயக் குருமாரை இகழ எழுந்தது என்பாரும் உளர். அவ்வாறு வாசிக்குமிடத்து அதன் இனிமை கெடும் என்றே கூறுவோம்.

திருவள்ளுவர் பண்புடைமை என்னும் ஓர் அதிகாரத்திலேயே இரண்டு உண்மைகளை வைத்தார். பிறரோடு கலந்து மகிழ அறியாதார்க்குப் பகலும் இருளே என்பது ஒன்று. விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பந்தரும் என்பது மற்றொன்று. ஒன்றைப் பற்றி மற்றொன்றை விடுவார் பண்பின் பாதியையே அறிந்தவராவர்.

ஆயின் தூய நகையை அறிவது எங்ஙனம்? நகைக்கப்பட்டவனும் மனமார உடன் நகைக்கக் கூடுமோ என்று நோக்குக. அவன் முகத்துச் சிரிப்பை மட்டும் நம்பற்க; மேலதிகாரியின் விகடத்திற்கு அஞ்சிச் சிரிக்கும் தொழிலாளியும் உளன். ஆதலின் வலியோர் எளியோரை விடுத்துத் தம்மையே நகைப்பொருளாக்கிக் கொள்வது சாலச் சிறந்தது.

மாணவ சகோதர சகோதரிகளே, விடுதியிலும் ரயிலிலும் நகைத்து மகிழுங்கள். அம்மகிழ்ச்சியில் உங்கள் அருகில் நிற்கும் அயலூரானுக்கும் பங்கு இருக்கட்டும்.