அட்டை இருக்கிறது, டாக்டர் எங்கே?

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது 1952-லேயே தெரிந்துவிட்டது. 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது 2023-ல். அட்டையும் கொடுக்கிறார்கள். நல்லது. வலியில் துடிக்கும் பிள்ளையைப் பார்க்க ரத்தநோய் நிபுணர் வேண்டாமா?

பிரெஞ்சு படித்த பழக்கத்தில் அந்த ஊர் முறையைப் பார்த்தேன். ஆறாண்டு மருத்துவம் படித்துத் தேர்வெழுதியவர், நேரே ரத்தவியலில் ஐந்தாண்டு பயிற்சி பெறலாம். இங்கே எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, மறுபடியும் நுழைவுத் தேர்வு, பிறகு டி.எம். மூன்று. கூட்டினால் அரையாண்டுதான் அதிகம். ஆனால் நடுவழியில் வேறு துறைக்குப் போகிறவரை யார் பிடித்து நிறுத்துவது? நரம்பு அறுவைக்கு ஆறாண்டு நேரடிப் படிப்பு உண்டே, ரத்தத்துக்கு ஏன் கூடாது?

காலமெல்லாம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன்: பணியிடத்துக்கு ஆணை போடாத திட்டம் வெறும் காகிதம்.