பூவுக்குப் பெயர் வைத்தது யார்?

மார்கழி மாதக் குளிரில், கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி, மேல்நாடுகளில் வீட்டுக்கு வீடு தொட்டியில் வைக்கப்படும் சிவப்புச் செடிக்குப் பாயின்செட்டியா என்று பெயர். நமது ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களிலும் இதைக் காணலாம். பூ என்று நாம் நினைக்கும் சிவப்பு, உண்மையில் நிறம் மாறிய இலைகளே. அவற்றின் நடுவே மஞ்சள் மணிகள் போல இருப்பதுதான் பூ. கிளையை ஒடித்தால் பால் வடியும். நம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளிக்கும், வயலில் களையாக முளைக்கும் அம்மான் பச்சரிசிக்கும் இது நெருங்கிய உறவு.

அழகுச் செடியால் விவசாயிக்கு என்ன பயன் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதன் பெயருக்குப் பின்னால், பயிர் செய்வோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உள்ளது.

இச்செடியின் சொந்த நாடு மெக்சிகோ. அங்கே மலைச் சரிவுகளில் ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். அந்நாட்டின் பூர்வகுடிகளான அஸ்டெக் மக்கள் இதை 'குவெத்லசோசித்ல்' என்று அழைத்தனர். 'சோசித்ல்' என்றால் அவர்கள் மொழியில் பூ என்று பொருள். சிவப்பு இலையிலிருந்து சாயம் எடுத்தனர். பாலை மருந்தாகப் பயன்படுத்தினர். ஸ்பானியர் வந்த பின்னர் 'நோச்சேபுவேனா' என்ற பெயரும் சேர்ந்தது. 'நல்லிரவு' என்பது அதன் பொருள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவை அது குறிக்கும். இரவு நீளும் பருவத்தில்தான் இச்செடியின் இலை சிவக்கும். இரவில் விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால் நிறம் சரியாக ஏறாது. ஆகவே, அந்தப் பெயரிலேயே பருவமும் அடங்கியிருக்கிறது.

பாயின்செட்டியா என்பதோ ஒரு மனிதரின் பெயர். ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்பவர் 1825 முதல் 1829 வரை மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்தார். செடி கொடிகளில் ஆர்வம் கொண்ட அவர், இதைத் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்தார். அதனால் ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மெக்சிகோ அரசியலில் அளவுக்கு மீறித் தலையிட்டார் என்று அந்நாட்டு அரசே அவரைத் திரும்ப அழைக்கச் சொன்னது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். 1838-ல் செரோக்கி பூர்வகுடிகள் தம் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, அமெரிக்கப் போர்த்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. அவர் மறைந்த டிசம்பர் 12, அமெரிக்காவில் இச்செடியின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இப்பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் அங்கேயே எழுந்துள்ளது.

மாற்றுவது நியாயமே என்பது எமது கருத்து. ஆனால், அவர் தீயவர் என்பது மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. அவர் உத்தமராகவே இருந்திருந்தாலும், செடியைக் கொண்டுபோனவர் பெயர் நிற்க, தலைமுறை தலைமுறையாக அதை அறிந்து வளர்த்தவர் சொன்ன பெயர் மறைவது முறையாகாது.

பெயர் எதுவானால் என்ன, விலை கிடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். விலை யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எக்கே என்ற குடும்பத்தார் இச்செடி வியாபாரத்தில் பல்லாண்டுகள் கொடிகட்டிப் பறந்தனர். செடி நெடுநெடுவென்று வளராமல், பக்கக் கிளை விட்டுத் தொட்டிக்கு ஏற்றபடி அடர்ந்து நிற்க, ஒட்டுக் கட்டும் முறை ஒன்றை அவர்கள் ரகசியமாக வைத்திருந்தனர். 1990-களில் அந்த உத்தி வெளியாகி அச்சில் வந்த பிறகே மற்றவர்களும் போட்டிக்கு வர முடிந்தது. பாயின்செட்டியா ரகங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமையும் பெறப்பட்டுள்ளது. செடியைத் தந்த மண்ணின் விவசாயிகளோ, வெளிநாட்டு ரகங்களை வாங்கித் தொட்டியில் வளர்த்து விற்கும் நிலையில் இருக்கிறார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. குறுவை என்றால் குறுகிய காலப் பயிர் என்பது பெயரிலேயே விளங்கும். இத்தகைய பெயர்கள் நம் முன்னோரின் அனுபவக் குறிப்புகள். பெயர் மறந்தால், அது எந்த நிலத்துக்கு ஏற்றது, எதைத் தாங்கும் என்ற விவரமும் கூடவே மறையும். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயிகள் தங்கள் ரகங்களைத் தாங்களே பதிவு செய்து கொள்ளலாம். அதற்கு முதலில் ரகத்தின் பெயரும் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் ஊரில் பழைய நெல்லோ, கத்தரியோ, அவரையோ இருந்தால், அதன் பெயர், வயது, விதைக்கும் பட்டம், தனிக் குணம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விதையையும் ஆண்டுதோறும் ஒரு பாத்தியிலாவது போட்டுப் புதுப்பித்து வாருங்கள். நாம் எழுதி வைக்காத பெயருக்குப் பதிலாக நாளை வேறொருவர் தம் பெயரை எழுதிவிடுவார்.