முதுகுத்தண்டில் நீர்க்கட்டி: குழாய் வைப்பதா, தழும்பை அகற்றுவதா?

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது விரல் கொப்பளித்துவிடுகிறது. "சுடவே இல்லையே" என்கிறார் அவர். "நெஞ்சழுத்தக்காரர்" என்று வீட்டில் உள்ளவர்கள் பாராட்டுகிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம் அல்ல. அவரை அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சூடும் வலியும் தெரியாமல் போனால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தொழுநோய். அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து கையை மறைத்துக்கொள்வார்கள். தொழுநோயே மருந்தில் குணமாகும் நோய்தான். அதற்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. ஆகவே மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் வேறொரு நோயும் உண்டு. அதன் பெயர் சிரிங்கோமைலியா. முதுகுத் தண்டுவடத்துக்கு உள்ளேயே நீர் தேங்கிக் கட்டியாவதுதான் இந்த நோய். 1827-ல் பிரெஞ்சு டாக்டர் ஒலிவியே இதற்குப் பெயர் வைத்தார். இதில் தோலில் வெளிறிய படை இருக்காது. பஞ்சால் தொட்டால் தெரியும். ஊசியால் குத்தினால் வலிக்காது. பிறகு கை மெலியும், விரல்கள் வலுவிழக்கும், நடை தள்ளாடும்.

வாய்க்கால் அடைத்தால்...

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நேரத்திலும் உடலில் இருப்பது சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. ஊறியது ஊறியபடி ரத்தத்தில் வடிந்துவிட வேண்டும். வழியில் அடைப்பு ஏற்பட்டால் வினைதான். வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் வரப்பை அரித்துக்கொண்டு வயலுக்குள் புகுவதில்லையா? அதுபோலத்தான் தண்டுவடத்துக்குள் நீர் சேர்கிறது.

இந்த அடைப்பு பல வகையில் வரும். சிலருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி பிறவியிலேயே கழுத்துக்குள் இறங்கியிருக்கும். இவர்களுக்குப் பின்மண்டையின் அடியில் எலும்பை எடுத்து இடம் உண்டாக்கினால் பெரும்பாலும் கட்டி சுருங்கிவிடும். டாக்டர்களிடையே இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

தகராறு எல்லாம் தழும்பினால் வரும் அடைப்பில்தான். முதுகெலும்பு முறிவு, மூளைக்காய்ச்சல், ரத்தக்கசிவு, பழைய ஆபரேஷன் ஆகியவற்றால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடுகிறது. காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் நம் நாட்டில் இதற்கு முக்கியமான காரணம். முன்பெல்லாம் முதுகுப் படம் எடுக்க எண்ணெய் கலந்த சாயத்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். அதனாலும் தழும்பு வந்தவர்கள் உண்டு.

இரண்டு வழிகள்

முதல் வழி, குழாய் வைப்பது. தண்டுவடத்தில் சிறு கீறல் போட்டு, மெல்லிய குழாயின் ஒரு முனையைக் கட்டிக்குள் நுழைக்கிறார்கள். மறுமுனையைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியிலோ, நுரையீரல் உறைக்குள்ளோ, வயிற்றுக்குள்ளோ விடுகிறார்கள். கட்டி சீக்கிரம் வடிந்துவிடும். படத்தைப் பார்த்தால் நோயாளிக்கும் சந்தோஷம், டாக்டருக்கும் சந்தோஷம். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கிறது. குழாய் நகரலாம், அடைத்துக்கொள்ளலாம், கிருமி தாக்கலாம். கீறிய இடத்தில் நரம்பு பாதிக்கவும் கூடும். குழாய் வைத்துக்கொண்டவர்களை நெடுநாள் கவனித்து, பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர்கள் 1995-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10 ஆண்டுகளுக்குப் பிறகு ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் நிலைமை மோசமாகாமல் இருந்தது என்று அது சொல்கிறது.

இரண்டாவது வழி, தழும்பையே அகற்றுவது. முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து, மைக்ராஸ்கோப்பின் உதவியோடு, ஒட்டிக்கொண்ட சவ்வுகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள். மீண்டும் ஒட்டாதிருக்க, மேலுறையில் ஒரு ஒட்டுத் துண்டு வைத்துத் தைத்து இடத்தை அகலமாக்குகிறார்கள். நீரோட்டம் திரும்பினால் கட்டி தானாகவே சுருங்கும். தண்டுவடத்தைக் கீற வேண்டியதில்லை. தூர்வாரினால் வரப்பு தப்பும் என்பதுதான் இதன் தத்துவம். ஆனால் இது பல மணி நேர ஆபரேஷன். ஒட்டை விடுவிக்கும்போது தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் அறுபடும் அபாயம் உண்டு. நீர் கசியலாம். தழும்பு மறுபடியும் வளரலாம்.

எது மேல்?

தழும்பு ஒன்றிரண்டு எலும்பு நீளத்துக்குள் அடங்கியிருந்தால் தழும்பை அகற்றுவதே மேல் என்பது அனுபவம் மிக்க பல டாக்டர்களின் கருத்து. நியாயமும் அதுதான். நோயின் வேர் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைப்பதே முறை. ஆனால் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு முதுகு நெடுகத் தழும்பு படர்ந்துவிட்டவருக்கு இது பொருந்தாது. அத்தனை தூரம் திறந்து பிரித்தால் நன்மையைவிடத் தீமையே அதிகமாகலாம். அவருக்குக் குழாய்தான் கதி. ஆக, குழாய் கெட்டது, தழும்பு அகற்றுவது நல்லது என்று பொதுப்படச் சொல்வது தவறு. யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் குழாய் என்று முடிவு கட்டுவதும் தவறு.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பது. கட்டி இருந்தும் பல ஆண்டுகளாகத் தொல்லை கூடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கத்திக்கு அனுப்புவதைவிட, குறிப்பிட்ட கால இடைவெளியில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் கவனித்து வருவதே விவேகம். ஆனால் மாதத்துக்கு மாதம் கை வலு குறைகிறது, நடை கெடுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஏனெனில் எந்த ஆபரேஷனும் இழந்ததை முழுவதும் திருப்பித் தருவதில்லை. மேலும் இழக்காமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். கட்டி வடிந்த பிறகும் எரிச்சலும் வலியும் நீடிக்கலாம். இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஆபரேஷன் செய்தால் அது ஏமாற்றத்தில்தான் முடியும்.

பெங்களூர்த் தமிழர்கள் கவனிக்க

பெங்களூரில் எழும்பும் கட்டடங்களில் நம்மவர்களின் உழைப்பு கொஞ்சமல்ல. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்தது. மேஸ்திரி ஏதோ ஒரு தொகை கொடுத்தார். ஃபைல் மூடப்பட்டது. ஐந்தாறு ஆண்டு கழித்து, நன்றாக இருந்த கை மரத்துப்போகிறது. பழைய விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் சம்பந்தம் இருக்கிறது. விபத்துக்குச் சில மாதங்களிலும் இந்தக் கட்டி வரும். பல பத்தாண்டு கழித்தும் வரும்.

எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, முதுகெலும்பு முறிந்தவர்களுக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கும், ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போதே இந்த ஆபத்தைத் தாய்மொழியில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு, கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-ல் சட்டம் வந்து, நல வாரியங்களும் இருக்கின்றன. விபத்தின் பின்விளைவு எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் சிகிச்சைக்கு உதவ அவை முன்வர வேண்டும். தொழிலாளர்களும் வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று, இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பெரிய ஆஸ்பத்திரிகள் ஒரே முறையில் பதிவு செய்து வெளியிட வேண்டும். நோய் அரிது என்பதால், ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளிகளை மட்டும் வைத்தே பேச வேண்டியிருக்கிறது. கணக்கு ஒன்றுசேர்ந்தால்தான் எந்த வழி மேல் என்ற வழக்கு தீரும்.

எங்கே போவது என்ற கவலை பெங்களூர்த் தமிழர்களுக்கு வேண்டாம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் 1974 முதல் இயங்குகிறது. போகும்போது பழைய படங்கள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். டாக்டரிடம் கூசாமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: அடைப்பு எங்கே? அது எத்தனை நீளம்? இப்போது ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

இழந்த நரம்பைத் திருப்பித் தர எந்த டாக்டராலும் முடியாது. கொப்பளித்த விரலைப் பார்த்த அன்றே விழித்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தாலும் முடியும்.