துறைமுகமே காவல்

கடலுக்குக் கதவில்லை, துறைமுகத்திற்கு உண்டு. களவாகப் பிடித்த மீனும் கரையேறினால்தான் காசாகும். ஆகவே கள்வனைப் பிடிக்கத் தக்க இடம் துறைமுகமே என்பது என் கருத்து.

தாய்லாந்தைப் பாருங்கள். அங்கு மீன்பிடித் தொழிலில் முறைகேடுகள் மலிந்திருந்தமையால், 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ‘மஞ்சள் அட்டை’ காட்டி எச்சரித்தது. உடனே அந்நாடு துறைமுகங்களில் சோதனை நிலையங்களை அமைத்தது. 30 டன்னும் அதற்கு மேலும் உள்ள மீன்பிடிப் படகுகள் புறப்படும்போதும் திரும்பும்போதும் அங்கே அறிவிக்க வேண்டும். உரிமம், வலை, மீன், ஆட்கள் எல்லாம் சோதனைக்கு உட்பட்டவை. 2019 ஜனவரியில் எச்சரிக்கை நீங்கிற்று.

இச்சோதனை மீனுக்காக மட்டுமா? மியான்மர், கம்போடியா நாட்டு ஏழைகள் பலர் அப்படகுகளில் அடிமைகளைப் போல் உழைத்தனர். கரையில் ஆட்களை எண்ணிப் பார்க்கும் அதிகாரியே அவர்களுக்கு நம்பிக்கை. விதிகளால் நஷ்டம் என்று படகு முதலாளிகள் முறையிடுகின்றனர். பணம் போனால் மீண்டும் வரும். நடுக்கடலில் காணாமற்போன மகனைத் தாய்க்கு யார் திருப்பித் தருவார்?

ஒரு துறைமுகம் கதவடைத்தால் கள்வன் அடுத்ததை நாடுவான். ஆதலால் 2016இல் நடைமுறைக்கு வந்த துறைமுகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளும் சேர வேண்டும். இயேசு முதலில் அழைத்தவர்கள் மீனவர்களே அன்றோ! அவர்தம் உழைப்பைக் காப்பது நம் கடமை.

– பத்தாம் வகுப்பு மாணவி