விளக்கேற்றுவது யார்?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, இன்னும் விளக்கேத்தலையா?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை, வேடிக்கைதான் இருந்தது. கல்லூரிக் காலத்திலேயே சாமியைக் கைகழுவியவன் நான். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனாலும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவன். அவரோ 2021-இல் கரோனா இரண்டாம் அலையில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தப் பத்து நாளில் அவர் வேண்டாத தெய்வமில்லை. அதன்பிறகு சில மாதங்கள் கையின் பழக்கத்தில் எல்லாம் நடந்தது. பின் ஒருநாள் விளக்கை எடுக்கவில்லை. அறிவிப்பு, விவாதம் எதுவும் கிடையாது. இருபத்தைந்து வருட நாத்திகனுக்கு அந்த இருட்டு உறுத்தியது.

அன்று என்னையே கேட்டுக்கொள்ளத் தொடங்கிய கேள்விதான் இந்தக் கட்டுரை. நம்பிக்கை போவதால் உறவுகள் கெடுகின்றன என்கிறார்கள். எந்த உறவு, யாருடைய நம்பிக்கை போனால், எவ்வளவு கெடுகிறது?

நம் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் யாரும் யாரையும் "நம்புறியா?" என்று கேட்பதில்லை. "வர்றியா?" என்றுதான் கேட்கிறார்கள். என் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது தாய்மாமன் மடி வேண்டும். நான் முரண்டு பிடித்தேன். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமிக்காக வேணாம்டா, எனக்காக உட்காரு" என்றாள். உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை ஏற்றினார், குழந்தை வீறிட்டது, என் சட்டையெல்லாம் சந்தனம். பந்தியில் கிடாக்கறி பரிமாறியபோது என் கொள்கையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. மடி கிடைத்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு. மடி கிடைக்காமல் போயிருந்தால்தான் பத்து வருடத்துக்குப் பேச்சு வந்திருக்கும்.

ஆக, இங்கே கடவுள் இல்லை என்பது ஒரு கருத்து. கருத்தை வைத்துக்கொள்ளலாம். வரமாட்டேன், செய்யமாட்டேன் என்பதுதான் குற்றம். இந்தக் கணக்கில் ஆணுக்குப் பெரிய சலுகை இருக்கிறது. ஒரு ஆண் நாத்திகனானால் வீட்டில் நின்றுபோகிற வேலை அநேகமாக ஒன்றுமில்லை. ஆடிக்கூழும் கார்த்திகை விளக்கும் அமாவாசைச் சமையலும் வழக்கம்போல நடக்கும். என் அப்பாவின் திதிக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சமைத்தவர் அவருடைய மருமகள்தான். சரஸ்வதி பூஜையன்று நான் எழுதிய புத்தகங்களுக்குக்கூட அவர்தான் சந்தனம் குங்குமம் வைத்தார். சுண்டலை மட்டும் நான் சாப்பிட்டேன். என் பகுத்தறிவை இத்தனை ஆண்டுகள் மானியம் கொடுத்துக் காப்பாற்றியது அவருடைய பக்தி. அவர் கையை எடுத்தவுடன்தான் அதன் விலை எனக்குத் தெரிந்தது.

வெளியிலும் அப்படித்தான். நம்பாத ஆணுக்கு இந்த மாநிலத்தில் 'பகுத்தறிவாளர்' என்று ஒரு மரியாதைப் பெயர் உண்டு. நம்பாத பெண்ணுக்கு அப்படி எதுவும் சுலபமாகக் கிடைப்பதில்லை. "என்ன குறை வெச்சாரு புருஷன்?" என்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காரணம் அவள். என் மனைவி விளக்கேற்றாத செய்தி தெரிந்ததும் சொந்தத்தில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "நீ கெட்டது பத்தாதுன்னு அவளையும் கெடுத்துட்டியா?" என்றார். ஒரு பெண் தானாகவே நம்பிக்கையை இழக்கக்கூடும் என்பது அவர் கற்பனையில்கூட இல்லை. அந்தப் பெருமையும் எனக்கே வந்து சேர்ந்தது!

இந்தச் சாய்வு நம் நாத்திக வரலாற்றின் தொடக்கத்திலேயே உண்டு. நாகம்மையாரின் கோயில் பழக்கத்தை, பின்னாளில் பெரியாரான இளம் கணவர் ராமசாமி எப்படி நிறுத்தினார் என்பது சாமி சிதம்பரனார் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. கோயிலுக்கு வந்திருந்த மனைவியைத் தன் கூட்டாளிகளிடம் காட்டி, ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் தாசி என்று சொல்லிச் சீண்டவைத்தாராம். நடுங்கிப்போன அந்தப் பெண் அதன்பின் கோயில் பக்கம் போகவில்லை. மேடைகளில் இதைச் சிரிப்புக்காகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே ஒரு பெண்ணின் நம்பிக்கை வாதத்தில் தோற்கவில்லை, பயத்தில் ஒடுங்கியது. ஆனால் அதே மனிதர், 1933 மே மாதம் நாகம்மையார் இறந்தபோது 'குடிஅரசு' இதழில் எழுதிய இரங்கலில், பெண் விடுதலை பற்றி ஊருக்குப் போதித்ததில் நூறில் ஒரு பங்கையாவது தன் மனைவியிடம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொண்டார். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் முன்னால் நின்ற பெண்ணைப் பற்றி அவர் கணவர் கொடுத்த வாக்குமூலம் அது. நம் பகுத்தறிவாளர்களில் எத்தனை பேர் அந்த அளவுக்கு வந்திருக்கிறோம்?

நட்பில் இந்தச் சிக்கல் குறைவு. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து பெரியார் கண்ணீர் விட்டார். கடவுள் விஷயத்தில் இருவரும் இரு துருவம். ஆனால் ஒருவர் வீட்டு விளக்கை இன்னொருவர் ஏற்ற வேண்டியதில்லை, ஒருவர் திதியை இன்னொருவர் கொடுக்க வேண்டியதில்லை. நண்பர்களுக்குள் சடங்குக் கடன் கிடையாது.

கடன் மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியாது. நம்புகிறவர் தரப்பில் பயம் ஒன்று இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தது சார்லஸ் டார்வினின் குடும்பக் கதை. 1838-இல் திருமணத்துக்கு முன், உன் மதச் சந்தேகங்களை மனைவியிடம் மறைத்துவிடு என்று அவருடைய அப்பா புத்தி சொன்னார். அப்பாவும் நம்பாதவர்தான், அனுபவஸ்தர். மகன் கேட்கவில்லை, மணப்பெண் எம்மாவிடம் சொல்லிவிட்டார். மறு ஆண்டு கல்யாணமான சில வாரங்களில், நேரில் பேசத் தயங்கி, எம்மா கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்பட்டதை மட்டுமே ஏற்கும் ஆராய்ச்சிப் பழக்கம், நிரூபிக்கவே முடியாத விஷயங்களிலும் உங்களைத் தவறாக இழுத்துப்போய்விடாதா என்பது அதில் ஒரு கேள்வி. அடியில் இருந்த துக்கம் வேறு: எம்மாவின் பிரியத்துக்குரிய அக்கா ஃபேனி 1832-இல் இறந்திருந்தார். மறுமையில் அவரைச் சந்திப்போம் என்ற நினைப்பில் எம்மா வாழ்ந்துகொண்டிருந்தார். கணவர் அந்தக் கரைக்கு வராமல் போய்விடுவாரோ என்பதுதான் அவர் கவலை.

டார்வின் அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வைத்திருந்தார். எத்தனையோ முறை அதை முத்தமிட்டு அழுததாக அதன் ஓரத்தில் எழுதியும் வைத்தார். வாதத்துக்கு அவரிடம் பதில் இருந்திருக்கும். பயத்துக்கு இல்லை. 1851-இல் பத்து வயது மகள் ஆனி, சிகிச்சைக்குப் போன மால்வர்ன் என்ற ஊரில் இறந்தாள். நிறைமாதமாக இருந்த எம்மாவால் உடன் போக முடியவில்லை. டார்வின்தான் பக்கத்தில் இருந்தார். ஒரே சாவு கணவருக்குக் கதவைச் சாத்தியது, மனைவிக்கு அதே கதவு திறந்தால்தான் குழந்தை. பின்னாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மாவும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குப் போக, அவர் நடைபோகப் போய்விடுவார். ஆனால் அந்தக் கிராமத்துப் பாதிரியார் அவருடைய நெருங்கிய நண்பர். ஏழைகளுக்கான நிலக்கரி, துணிச் சங்கத்தின் கணக்கை டார்வின்தான் பார்த்துக்கொண்டார். வழிபாட்டுக்கு வராவிட்டாலும் வேலைக்கு வந்தார் என்பதைக் கவனிக்கலாம்.

அவர் இறந்த பின் ஒரு சின்ன முடிச்சு விழுந்தது. நம்பாதவர்களுக்கு நிரந்தரத் தண்டனை என்றால் தன் அப்பாவும் அண்ணனும் நண்பர்களும் அதில் அடக்கமாகிவிடுவார்களே, அது என்ன கொடிய கோட்பாடு என்ற பொருளில் சுயசரிதையில் காட்டமாக எழுதியிருந்தார். 1887-இல் அதை அச்சுக்குக் கொடுத்தபோது எம்மா அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். 1958-இல் பேத்தி நோரா பார்லோதான் முழுப் பிரதியை வெளியிட்டார். எம்மா தணிக்கை செய்துவிட்டார் என்று குறைபட்டுக்கொள்வது சுலபம். நாற்பது வருடத்துக்கும் மேல் உடன் வாழ்ந்த மனிதரைக் கடைசியாக ஊர் இப்படிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்த ஒரு விதவையை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

இதுவரை சொன்னது மனத்தாங்கல் அளவில் முடிகிற கதைகள். "வர்றியா?" என்பதோடு "நம்புறியா?" என்றும் கேட்கிற சமூகங்களில் விலை அதிகம். பங்கு ஆலயத்தில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம், கல்லறைத் தோட்டத்தில் இடம் பங்கின் கையில், நிக்காஹ் ஜமாஅத்தின் பதிவேட்டில், மையவாடியும் ஜமாஅத்தின் பொறுப்பில் என்று இருக்கும்போது, நம்பிக்கையை விடுவது முகவரியை விடுவதுபோல ஆகிவிடுகிறது. கோவையில் 2017 மார்ச்சில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் கடவுள் மறுப்புக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. அதற்குப் பிறகு அவருடைய தந்தை, மகனின் இயக்கத்தில் தானும் சேர்வதாகச் சொன்னார். மகன் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் என்ன வாக்குவாதம் நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. கொன்றவர்கள் மதத்தைக் காப்பதாக நினைத்துச் செய்த காரியம், ஒரு தந்தையை எந்தப் பக்கம் நிறுத்தியது என்பது மட்டும் தெரியும்.

சட்டமும் பெரிதாக உதவுவதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் துணைவர் வேறு மதத்துக்கு மாறுவது விவாகரத்துக்கு ஒரு காரணம். நம்பிக்கையை இழப்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவரையெல்லாம் பொதுவாக இந்துவாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நான் எத்தனை கூட்டத்தில் கடவுள் மறுப்பு பேசினாலும் சட்டத்தின் கண்ணில் இந்துதான். கேரளத்தில் முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கையைக் கைவிட்ட ஒரு பெண், வாரிசுரிமையில் தனக்கு ஷரியத்துக்குப் பதில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். 2024-இல் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர் கேட்டதிலும் பாருங்கள், கடவுளைப் பற்றி ஒன்றுமில்லை. மகளுக்குச் சேர வேண்டிய பங்கைப் பற்றித்தான் வழக்கு.

தமிழ்நாடு ஒரு காரியம் செய்தது. அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தால் புரோகிதரும் அக்னியும் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டோ மோதிரம் மாற்றிக்கொண்டோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லுபடியாகிறது. பெரிய விஷயம். ஆனால் மேடையில் மாலை மாற்றிய மறு வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டில் விளக்கை யார் தேய்ப்பது என்பதற்கு எந்தச் சட்டமும் வரவில்லை, வரவும் முடியாது. அப்படித் திருமணம் செய்துகொண்ட தோழர்களின் மனைவிமார் சிலரை எனக்குத் தெரியும். வெள்ளிதோறும் விளக்குத் தேய்க்கிறார்கள்.

இப்போது எனக்குப் படுவது இது. நம்பிக்கையைப் பற்றிய சண்டையையும் வேலையைப் பற்றிய சண்டையையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவதை ஆயுள் முழுக்க நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் கணக்கு உடனே தீர்க்கப்பட வேண்டும். நம்பாதவன் ஒதுங்கிக்கொண்டு அந்தச் சுமையை நம்புகிறவள் தலையில் வைப்பது பகுத்தறிவில் சேராது. சடங்கில் நின்றால் கொள்கை போச்சு என்பார் என் பழைய தோழர் ஒருவர். அவர் வீட்டுப் பூஜையறைக்குப் பூ வாங்கி வருவது யார் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எண்பத்தொன்று. முழங்கால் தேய்ந்துவிட்டது, கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. மருமகளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள் என்று அவருக்குத் தெரியும். மூன்று வெள்ளி விளக்கில்லாமல் போனது. நான்காம் வெள்ளி காமாட்சி விளக்கை நான் எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தார், உதவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. திரி முறுக்கத் தெரியாமல் இரண்டு பாழாயின. நாற்காலியில் இருந்தபடி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:

"எண்ணெய அவ்ளோ ஊத்தாதடா... திரிய மேல இழு. ம், இப்ப பத்த வை."